பெரியவர் என்று எழுதிய ஓடுகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். இங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம். உன் முட்டிவலி தேவலையா? மாடி ஏறாதேன்னு டாக்டர் சொன்னதைக் கேக்கறியா, இல்ல இன்னும் மூணாவது மாடியிலதான் கிளாஸ் எடுக்கறியா?

போன் பண்ணாம கடிதம் எழுதறானேன்னு நினைப்பே. பட்டறையில போன் இருக்கறது ஆபீஸ் ரூம்ல. நான் ரிசீவரைத் தொட்டாப் போதும், கோப்பைக்குக் கிளேஸ், அதான் பளபளப்புப் பூச்சு, போடற ரூம்ல இருக்கறவங்க அத்தனை பேரும் கையை நிறுத்திட்டு காதை நீட்டுவாங்க. வீட்ல பேசலாம்னா சுவத்துக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும். எனக்கு எதுக்கு வம்பு.

விஷயத்துக்கு வரேன். ஒரு ஹோட்டல் கம்பெனி நம்ம பட்டறைகிட்ட வெள்ளைக் கோப்பை கேக்கறாங்க. சின்ன ஆர்டர் இல்லக்கா, வருஷம் பூரா வேலை. விறகுச் சூளையை இடிச்சிட்டு கேஸ் சூளை கட்டினாத்தான் முடியும். அண்ணன் முடியாதுங்கறார். "நம்ம கைக்கு மேல ஆர்டர் எடுத்தா, அப்புறம் கை நம்மளோடதா இருக்காது"ன்னு ஒரே பேச்சு. பட்டறை ஆரம்பிச்ச நாள்லேருந்து அவர்தான் தலைவர், நான் வெறும் செயலாளர். முதலாளி இல்லாத பட்டறை, எல்லாரும் பங்குதாரர்னு பேரு. சண்டைன்னு வந்தாத் தெரியுது, எல்லாரும் பங்காளிங்க. இப்ப ரெண்டு கட்சியா நிக்கறாங்க. ஒரு கூட்டமும் முடிவுக்கு வர மாட்டேங்குது.

இன்னொண்ணு. அண்ணன் ஒரு மாசமா சாயங்காலம் வேலை விட்டதும் ஒவ்வொருத்தர் வீடாப் போறார். எதுக்குன்னு கேட்டா "சும்மாதான்"ங்கறார். அவராவது, சும்மா போறதாவது! ஆள் சேர்க்கறார்னு நினைக்கிறேன்.

ஜனங்க தங்களைத் தாங்களே எப்படி ஆண்டுக்கணும்னு நீ இத்தனை வருஷமா கிரேக்கர் காலத்துலேருந்து பாடம் எடுக்கற. சண்டை இல்லாம இதைத் தீர்க்க அவங்க ஏதாவது வழி வச்சிருந்தாங்களா? எழுது. பட்டறை விலாசத்துக்கு வேண்டாம், வீட்டுக்கே போடு.

உன் பொண்ணை, என் மருமகளைக் கேட்டதாச் சொல்லு.

உன் தம்பி


ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். முட்டி அப்படியேதான் இருக்கு, மாடியும் அப்படியேதான் இருக்கு. ரெண்டும் எனக்கு விட்டுக்கொடுக்கறதா இல்லை. உன் மருமக நல்லா இருக்கா, நான் உப்பு ஜாஸ்தி போடறேன்னு ஒரு புகார் மட்டும்.

உன் கடிதம் வந்த அன்னைக்குத்தான் எங்க துறைத்தலைவர் கூப்பிட்டு, "மேடம், ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முந்தின ஆளுங்க என்ன சொன்னா நமக்கு என்ன? இந்தப் பேப்பரை எடுத்துடலாம்னு கமிட்டி நினைக்குது"ன்னார். வயிறு எரிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தா உன் கடிதம். உன்னைக் கட்டிக்கணும் போல இருந்துச்சுடா. ஒரு கோப்பைப் பட்டறைக்கே அவங்க தேவைப்படறாங்க, ஒரு நாட்டுக்குத் தேவைப்பட மாட்டாங்களா?

கேளு. அந்தக் கிரேக்க ஊர்ல பெரும்பாலான பதவிக்கு ஆளைக் குலுக்கல்ல எடுத்தாங்க. தேர்தல் வச்சா பேரும் பணமும் உள்ளவன்தான் ஜெயிப்பான், குலுக்கல்தான் ஜனங்களோடதுன்னு அவங்க எண்ணம். இப்ப நாம தேர்தலையே ஜனநாயகம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். இதைச் சொன்னா என் பசங்க சண்டைக்கு வராங்க. சில நாடுகள்ல இப்ப மறுபடி குலுக்கல் முறையில ஜனங்களை உக்காரவச்சுச் சட்டம் பேசவிடறாங்க. "கப்பல் ஓட்டறவனைக் குலுக்கிப் போட்டா எடுப்பே?"ன்னு அப்பவே ஒரு தத்துவவாதி கிண்டல் பண்ணினார். கேள்வி நல்ல கேள்விதான்.

ஆனா அதே ஆள் இன்னொண்ணும் சொன்னார். ஊர் ஒத்துமையா இருக்க, ஆள்றவங்க ஜனங்ககிட்ட ஒரு நல்ல பொய் சொல்லலாமாம். எனக்கு அங்கதான் பத்திக்கிட்டு வரும். இன்னைக்கு ஒவ்வொரு அரசாங்கமும் மூடி மறைக்கறதுக்கெல்லாம் அந்த ஒரு வரியிலதான் வேர் இருக்கு. நல்ல பொய்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு எல்லா வருஷமும் முதல் கிளாஸ்லயே சொல்லிடுவேன்.

உனக்கு உபயோகப்படற மாதிரி ஒண்ணு. ரெண்டு தலைவருங்க ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஊரே நின்னுபோனா, ஒரு நாள் எல்லாரும் உடைஞ்ச பானை ஓடு ஒண்ணை எடுத்து, யாரு கொஞ்ச காலம் ஊரை விட்டுப் போகணுமோ அவர் பேரை எழுதிப் போடுவாங்க. அதிக ஓடு யாருக்கோ அவர் பத்து வருஷம் வெளியில இருக்கணும். அவர்மேல குற்றம் கிடையாது, தண்டனை கிடையாது. சொத்து பத்திரமா இருக்கும், திரும்பி வந்தா மரியாதையும் இருக்கும்.

இதைப் படிச்சு சிரிச்சுக்கோ. உங்ககிட்டதான் உடைஞ்ச ஓடு மலை மாதிரி கிடக்கே!

அண்ணன் எனக்கு எழுதி ரொம்ப நாளாச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

அன்புடன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க சுகம். என் பெரிய பையனுக்குப் பல்லு விழுந்துச்சு, அதை வச்சு வீட்டையே ரெண்டு பண்ணிட்டான்.

உன் கடிதத்தை டீ நேரத்துல எல்லாருக்கும் சத்தமாப் படிச்சேன், முதல்லேருந்து கடைசி வரைக்கும். உன் முட்டிவலியைக் கூட விடல. அப்படி ஒரு அமைதியை அந்தப் பட்டறையில நான் பார்த்ததே இல்லக்கா. குலுக்கல்னதும் நம்ம கணக்கர், "என் பேரு வந்துட்டா?"ன்னு பதறிட்டார். உடைஞ்ச ஓட்டுல பேர் எழுதற கதை வந்ததும் கைதட்டு. ஒரே ஒரு தடவை சூளையில வெந்த, கிளேஸ் போடாத உடைசல் கிடக்குல்ல, அதுல நீலச் சாயம் நல்லாப் பிடிக்கும். அதுலயே எழுதலாம்னு அங்கயே பேசி முடிச்சாச்சு. பத்து வருஷம் ஜாஸ்தின்னு மூணு வருஷம் ஆக்கியிருக்கோம். அண்ணனைப் பார்த்தேன். டீயை ஆத்தி ஆத்திக் குடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தார். அவர் மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா?

கொஞ்சம் சந்தேகம் கேக்கறேன். பேர் வந்த ஆளு எழுந்து தன் பக்கத்து நியாயத்தைப் பேசலாமா? ஓடு போடற ஜாடி யாருகிட்ட இருந்துச்சு? எண்ணும்போது யாரு பக்கத்துல நிக்கலாம்?

நான் இதெல்லாம் கேட்டேன்னு அண்ணனுக்கு எழுதாதே. போன தடவை உன் உறையில பசை ஓரத்துல கசங்கின மாதிரி இருந்துச்சு. தபால்காரர் கடிதத்தை அந்தப் பக்கத்து வாசல்ல குடுத்துட்டுப் போறார்னு எனக்கு ஒரு எண்ணம்.

உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

பல்லு விழுந்த பெரிய மனுஷனுக்கு அத்தையோட முத்தம். நாங்க சுகம்.

முதல்ல ஒண்ணு கேக்கறேன். ஜாடி யாருகிட்ட, எண்ணறப்ப யாரு பக்கத்துலன்னு எதுக்கு இத்தனை அக்கறை? ஒரு பரீட்சை எழுதப்போற பையன் பாடத்தை விட்டுட்டு, வாத்தியார் எந்தப் பக்கம் நடப்பார்னு கேட்டா எனக்கு என்ன தோணுமோ அதுதான் தோணுது. அண்ணனை மனசுல வச்சுக்கிட்டுத்தான் என்கிட்ட இந்தப் பாடம் கேட்டியா? நேராச் சொல்லு.

கேட்டதுக்குப் பதில். பேர் வந்தவர் பேசக் கூடாது, ஏன்னா அவர்மேல குற்றமே இல்லையே. மொத்த ஓடு ஒரு அளவுக்குக் குறைஞ்சா யாரும் போக வேண்டாம். உங்க பட்டறையில எல்லாருமே போடணும்னு வச்சுக்கோங்க. ஜாடியை எல்லாரும் நம்பற ஆளுகிட்ட குடுங்க.

அந்த ஊர்ல நியாயவான்னே பேரெடுத்த ஒருத்தர் இருந்தார். ஓடு போடற அன்னைக்கு எழுதத் தெரியாத ஒருத்தன் அவர்கிட்டயே வந்து, ஆள் யாருன்னு தெரியாம, அவர் பேரையே எழுதித் தரச் சொன்னானாம். "அவர் உனக்கு என்ன கெடுதல் செஞ்சார்?"னு கேட்டார். "ஒண்ணும் இல்ல. எங்க போனாலும் நியாயவான் நியாயவான்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு"ன்னான். அவர் மறுபேச்சு பேசாம எழுதிக் குடுத்துட்டார்னு கதை.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. அந்த ஊர்ல ஒரு பழைய கிணத்தைத் தோண்டினப்ப இருநூறுக்குக் கிட்ட ஓடு கிடைச்சுது. அத்தனையிலும் ஒரே ஆள் பேரு. கையெழுத்தைப் பார்த்தா எழுதினது வெறும் பதினாலு பேரு. முன்கூட்டியே எழுதி வச்சு, வர்றவங்க கையில திணிக்கத் தயாரா வச்சிருந்திருக்காங்க. தலைமுறை தலைமுறையா மண்ணுக்குள்ள கிடந்தும் அந்தத் தில்லுமுல்லு வெளிய வந்துடுச்சு. புரியுதா?

எனக்கு ஒரு சத்தியம் பண்ணு. உன்னோட ஒரு ஓடு மட்டும்தான் நீ எழுதுவேன்னு.

பதில் உடனே போடு.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் லேட் ஆயிடுச்சு, கோவிச்சுக்காதே. எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ஜுரம் வந்து இப்ப தேவலை.

நடந்து முடிஞ்சுதுக்கா. அண்ணன் போயிட்டார்.

நீ சொன்ன கதை, கிணத்துக் கதை எல்லாத்தையும் அன்னைக்குக் காலையில திரும்பப் படிச்சேன். ஜாடி யாருகிட்ட இருக்கணும்னு கேட்டதுக்கு எல்லாரும் ஒரே குரல்ல, "பெரியவர்கிட்ட"ன்னாங்க, அண்ணனைத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாரை வெளிய அனுப்பறதான்னு கேள்வியோ அவர்கிட்டயே ஜாடியா? ஆனா அந்த நேரத்துல வாயைத் திறந்தா நான்தான் அல்பமாத் தெரிவேன். அண்ணன் பழைய பெயிண்டிங் ரூம்ல ஜாடியை வச்சார். ஒவ்வொருத்தராப் போய், பிரஷ்ல சாயம் தொட்டு, அண்ணனுக்குப் பெரியவர்னோ எனக்குச் சின்னவர்னோ எழுதிப் போட்டுட்டு வந்தாங்க. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளிய வந்தோம், அவர் மட்டும் உள்ளயே உக்காந்திருந்தார். உள்ள என்ன பண்ணறாரோ, என் பேரை எழுதி எழுதிப் போடறாரோன்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

சாயங்காலம் கணக்கர் எண்ணினார். மொத்தம் சரியா இருந்துச்சு. பாதிக்கு மேல "பெரியவர்". எனக்கு விழுந்தது கொஞ்சம்தான்.

அண்ணன் எழுந்து, பிரஷ்களைக் கழுவி, துணியில ஒத்தி, கட்டி எடுத்துக்கிட்டார். போகும்போது என் தோள்ல ஒரு தட்டு தட்டினார், சின்ன வயசுல தட்டுவார்ல, அந்த மாதிரி. அடுத்த வாரமே அண்ணியோட கிளம்பிட்டார். சுவத்துக்கு அந்தப் பக்கம் இப்ப பூட்டு.

ஜெயிச்சுட்டேன்தான். நீ சந்தோஷப்படுவேன்னு நினைக்கிறேன். உன் கமிட்டிக்கு நல்ல உதாரணம்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

சின்னவளுக்கு ஜுரம் விட்டுச்சான்னு எழுது.

நான் கேட்ட சத்தியத்துக்கு உன் கடிதத்துல பதில் இல்லை.

கிளாஸ்ல பசங்களுக்குக் காட்டணும். அந்த ஓடுகள் மொத்தத்தையும் எனக்குப் பார்சல் பண்ணு. ஒண்ணையும் எடுத்து வைக்காதே.

அண்ணன் எங்க இருக்கார்? விலாசம் வேணும்.

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

சின்னவள் நல்லா இருக்கா. மத்தவங்களும்.

ஓடுகளை அனுப்பியிருக்கேன். லேட்டுக்குக் காரணம், மூட்டை கணக்கர் பீரோவுல இருந்துச்சு, அவர் லீவுல போயிட்டார். நம்பினா நம்பு. நீ கிளாஸுக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியாதா? என் நோட்டுக்கெல்லாம் பேர் எழுதிக் கொடுத்தவ நீ. அண்ணன் அப்பவே வேலையே கதின்னு கிடந்தார். என் கையெழுத்து உனக்குத் தெரியும். தேடிப் பார்க்கத்தானே கேக்கற? பார்த்துக்கோ. நான் போட்டது ஒரே ஒரு ஓடு. சத்தியம்னு எழுதாததுக்குக் காரணம், சொந்த அக்கா என்னைக் கேட்டுட்டாளேன்னு வந்த ரோஷம். வேற ஒண்ணும் இல்லை.

ஆனா ஒரு விஷயம் என்னைக் குடையுது. கோப்பை விளிம்பு தேய்க்கிற பிரிவுல ஒரு அம்மா இருக்காங்க, வாய்த்துடுக்கு. புதுச் சூளை வந்தா உங்க பிரிவுல பாதிப் பேர் போதும்னு நான் ஒருநாள் கத்தினதை அவங்க மறக்கல. முந்தாநாள் எல்லார் முன்னாடியும், "நான் சின்னவர்னுதான் எழுதினேன், எங்க ரூம்ல அத்தனை பேரும் அப்படித்தான் எழுதினோம். அதெல்லாம் எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க. வேணும்னே என்னைக் குத்தறாங்கன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வரல.

அண்ணன் ஒரு தரை ஓடு பட்டறையில இருக்கார். விலாசம் பின்பக்கம். நான் ரெண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை.

தம்பி


ஜூன் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதறேன். நீங்களும் அண்ணியும் சுகமா? புது இடத்துத் தண்ணி ஒத்துக்குதா? அண்ணிக்கு மூச்சிரைப்பு வராம இருக்கணுமேன்னு கவலையா இருக்கு.

ஓடுகள் வந்துச்சு. சாப்பாட்டு மேஜையில பரப்பி வச்சிருக்கேன். உங்க மருமக, "வீட்ல சாப்பிட இடம் இல்லாமப் பண்ணிட்டீங்க"ன்னு திட்டிட்டு நின்னுக்கிட்டே சாப்பிடறா. தம்பி கையெழுத்தைப் பிடிக்கத்தான் உக்காந்தேன். மனசைக் கல்லாக்கிக்கிட்டுத் தேடினேன். அவன் கை ஒண்ணே ஒண்ணு. அவன் சொன்னது நிஜம்.

அப்புறம் மத்ததைப் பார்த்தேன். "பெரியவர்"னு இருக்கற ஓடுகள்ல எழுத்து பல மாதிரி, ஒண்ணு சாய்ஞ்சு, ஒண்ணு நிமிர்ந்து, ஒண்ணு நடுங்கி. ஆனா அதுல முக்கால்வாசியில வலது பக்கம் கீழ ஓரமா ஒரு சின்ன நீலப் புள்ளி. மத்தவங்கல்லாம் பிரஷ்ல மிஞ்சின சொட்டைத் துணியில துடைப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் வீணாக்காம ஓரத்துல இறக்கி வைப்பீங்க. என் பள்ளிக்கூட நோட்டு அட்டை ஒவ்வொண்ணுலயும் அந்தப் புள்ளி இருந்துச்சு. மைப் பேனாவுல எழுதினாக் கூட வைப்பீங்க. நான் கேலி பண்ணுவேன், ஞாபகம் இருக்கா?

ஏன் இப்படிச் செஞ்சீங்க? எனக்குக் கோவமா வருது. அழுகையும் வருது. அத்தனை பேரும் பயமில்லாம ஒரு நாள் தங்களோட மனசுல இருக்கறதை எழுதிப் போட்டாங்க. அதை நீங்க மாத்திட்டீங்க. அது திருட்டு இல்லையா? எடுத்த ஓடெல்லாம் எங்க?

பதில் போடாம இருந்துடாதீங்க.

உங்கள் தங்கச்சி


ஜூலை 8

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். அண்ணியும் சுகம். தண்ணி கொஞ்சம் உப்பு, பழகிடும். இங்க தரை ஓட்டுக்கு ஓரக்கோடு போடறேன். வேலை லேசு. சோறு கிடைக்குது.

புள்ளியைப் பார்த்துட்டியா. அப்பவே உன் கண்ணுக்குத் தப்பறது கஷ்டம். எழுத்தை மாத்தி மாத்தி எழுதினேன், இடது கையால கூட எழுதினேன். சொட்டு இறக்கறது கையோட பழக்கம். நான் யோசிக்கல.

திருட்டுதான். ஒத்துக்கறேன்.

நான் வீடு வீடாப் போனது எனக்கு ஆள் சேர்க்க இல்லை. தம்பியை வெளிய அனுப்பணும்னு பேச்சு அப்பவே கிளம்பிடுச்சு. அவசரத்துல ஆளைப் பார்க்காம பேசிடறான், மனசுல ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாங்க. ஓடு போட்ட அன்னைக்கு மதியம் ஜாடியைக் கவுத்துப் பார்த்தா, அவன் பேருதான் பாதிக்கு மேல. தானே கொண்டுவந்த ஏற்பாட்டுல தானே வெளிய போகப்போறான்னு அவனுக்குத் தெரியாது. வெளிய உக்காந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கான்.

எனக்கு வயசாச்சு. பிரஷ் இருந்தா எந்த ஊர்லயும் உக்காந்துடுவேன். அவன் அப்படி இல்லை. கூட வேலை செஞ்சவங்க எல்லாரும் சேர்ந்து போன்னு சொன்னா, அவன் ஒடிஞ்சுபோவான். மூணு வருஷம் கழிச்சு வர்றவன் நம்ம தம்பியா இருக்க மாட்டான். அம்மா போனப்ப அவனுக்கு நடக்கக் கூடத் தெரியாது. தூக்கிக்கிட்டு வேலைக்குப் போனவன் நான். அவன் பேரை எண்ண விட என்னால முடியல, மாத்திட்டேன்.

கேஸ் சூளை விஷயத்துலயும் அவன் சொல்றது பாதி சரி. நான் அங்க இருக்கற வரைக்கும் அதை ஒத்துக்க எனக்கு வாய் வராது.

எடுத்த ஓடுகளை அன்னைக்கே அரவை எந்திரத்துல போட்டு, மண்ணோட கலந்துட்டேன். உடைசல் கலந்தா மண்ணுக்கு உறுதி. இனிமே அது எந்தக் கோப்பையில இருக்குன்னு எனக்கே தெரியாது.

அவன்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா அந்த நிமிஷமே கிளம்பிடுவான், பிள்ளைங்களோட தெருவுல நிப்பான். நல்ல பொய்னு ஒண்ணு கிடையாதுன்னு நீ எழுதினதை டீ நேரத்துல தம்பி படிச்சான், நானும் கேட்டேன். நீ படிச்சவ, சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் அதைத்தான் உன்கிட்ட கேக்கறேன்.

அவன் கடிதத்துக்கு நான் பதில் எழுதலை. பொய்யா ஒரு வரி எழுத எனக்கு வரமாட்டேங்குது. உனக்கு வரும்னு நினைக்கிறேன்.

மாடி ஏறாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நீயும் மருமகளும் சுகமா? ஓடு அனுப்பி ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு, உன்கிட்டேருந்து ஒரு வரி இல்லை. ஓடுகள் வந்துதான்னு கூட எழுதல.

எனக்குத் தூக்கம் போச்சுக்கா. தேய்க்கிற அம்மா சொன்னதைத் தள்ளிவிட முடியல. ஒவ்வொருத்தராத் தனியாக் கேட்டேன். "நான் உங்க பேரைத்தான் போட்டேன்"னு முகத்துக்கு நேரா சொல்றவங்களே பாதிக்கு மேல இருக்காங்க! அப்படின்னா எனக்கு விழுந்தது கொஞ்சமா இருக்குமா? யாரோ மாத்தியிருக்காங்க. யாரு? நான்தான் ஆளை வச்சு மாத்தினேன்னு முணுமுணுக்கறாங்க. கணக்கர் என் கண்ணைப் பார்க்க மாட்டேங்கறார். எனக்காக ஹோட்டல்காரன் யாரையாவது பிடிச்சானோன்னு கூட யோசிச்சுட்டேன்.

ஓடுகள் உன்கிட்ட இருக்கு. கையெழுத்து பார்க்கற கண்ணு உனக்கு இருக்கு. எத்தனை கைன்னு சொல்லு. ஒரே கையா இருந்தா, யாரு கைன்னு சொல்லு. தில்லுமுல்லு நடந்திருந்தா வெளிய போகவேண்டியவன் நான். அண்ணனைக் கூட்டிவந்து அவர் நாற்காலியில உக்காரவச்சுட்டு மறுநாளே பெட்டியைக் கட்டிடறேன். எங்க போறதுன்னு தெரியாது. ஆனா போயிடுவேன். உன்மேல ஆணை.

நீ யாருக்காகவும் பொய் சொல்லாத ஆளு. அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன்.

கேஸ் சூளையில வெந்த முதல் கோப்பைகள்ல ஆறு உனக்கு அனுப்பியிருக்கேன். வழியில உடையாம வந்தா சரி.

தம்பி


செப்டம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

நாங்க ரெண்டு பேரும் சுகம். எழுதாததுக்குத் திட்டாதே. காலேஜ்ல ஒரே இழுபறி. கடைசியில ஒரு வருஷத்துக்கு என் பேப்பரை விட்டு வச்சிருக்காங்க. உங்க பட்டறைக் கதையைக் கமிட்டியில சொல்லலாம்னு இருந்தேன், சொல்லல. போன வாரம் கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து, நல்ல பொய்யைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன மேடம்னு கேட்டா. அடுத்த வாரம் பேசுவோம்னு சொல்லிட்டு சாக்பீஸைக் கீழ வச்சுட்டேன்.

ஓடுகளைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்துல வச்சு, பூதக்கண்ணாடி வாங்கி, ஒண்ணு விடாமப் பார்த்தேன். எல்லாம் வேற வேற கைடா. சாய்ஞ்ச எழுத்து, நிமிர்ந்த எழுத்து, நடுங்கற எழுத்து, இடது கைக்காரர் எழுத்து கூட இருக்கு. ஒரே ஆள் இத்தனை விதமா எழுத முடியாது. தில்லுமுல்லு ஒண்ணும் நடக்கல. உன் பேரைப் போட்டேன்னு சொல்றவங்க, பெரியவரை அனுப்பிட்டோமேன்னு குற்ற உணர்ச்சியில இப்ப அப்படிச் சொல்றாங்க. ஜனங்க எப்பவும் அப்படித்தான், அந்தக் காலத்துலயும் அப்படித்தான். இதுக்குமேல யாரையும் கேக்காதே. பெட்டியைக் கட்டறேன்னு இன்னொரு தடவை எழுதினா நேர்ல வந்து காதைத் திருகுவேன்.

உன்மேல சந்தேகப்பட்டது என் தப்பு. மனசுல வச்சுக்காதே.

அந்தத் தேய்க்கிற அம்மாவைக் கூப்பிட்டு மரியாதையாப் பேசு. அவங்க பிரிவுல ஒருத்தரையும் குறைக்காதே. தலைவரா இருக்கறவன் செய்யவேண்டிய வேலை அதுதான், கிரேக்கர் சொன்னாலும் சொல்லாட்டியும்.

அண்ணனுக்கு மறுபடி எழுது. பதில் வராட்டியும் எழுது. எதுவும் கேக்காதே, பிள்ளைங்க என்ன பண்ணறாங்கன்னு மட்டும் எழுது. மூணு வருஷம் முடியற அன்னைக்கு வேற யாரையும் அனுப்பாம, நீயே போய்க் கூட்டிட்டு வா.

கோப்பைகள் ஆறும் உடையாம வந்துச்சு. ஒண்ணுலதான் டீ குடிச்சுக்கிட்டே இதை எழுதறேன். நல்ல கனம், நல்ல உறுதி. மண்ணை நல்லா அரைச்சிருக்காங்க தம்பி, விரலால தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு துணுக்கு கூடத் தட்டுப்படல.

அன்புடன்
அக்கா